அப்பாவோடு செரோ கோர்டோ ஏறிய நாள்

செரோ கோர்டோ போகலாமா என்று கேட்கிற நண்பர்கள் எல்லோரும் முதலில் வண்டியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள், ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா, டயர் தாங்குமா என்று. வண்டிக்கு அப்புறம் வருகிறேன். எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன், ஏனென்றால் அந்த ஊரின் நூற்றைம்பது வருடக் கதையும் தண்ணீர்தான், எங்களுக்கு அன்றைக்கு வந்த சிக்கலும் தண்ணீர்தான்.

இடம் தெரியாதவர்களுக்காக: கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கின் மறுபக்கம் மொட்டையாக நிற்பது இன்யோ மலை. அதன் மேலே சுமார் 8,500 அடி உயரத்தில், நம் தொட்டபெட்டா உச்சிக்குக் கிட்டத்தட்டச் சமமான உயரத்தில், இந்தச் சுரங்க ஊர். பெயருக்கு ஸ்பானிய மொழியில் கொழுத்த மலை என்று அர்த்தம். 1865-ல் பாப்லோ ஃப்ளோரஸ் என்ற மெக்சிகோக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் இங்கே வெள்ளி எடுக்க ஆரம்பித்தார்கள். 1870-களில் ஜனம் நெருக்கியடித்துக் கிடந்த மலை அது. இப்போது அங்கேயே தங்கியிருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நான் அங்கே போக ஆசைப்பட்டது அப்பாவுக்காக. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள், மாரிக்குப்பத்தில் வளர்ந்தவர்கள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற கேங்கில் இருந்தார், 2001 பிப்ரவரி 28-ல் கம்பெனியை மூடும்வரைக்கும். போன அக்டோபரில் எங்கள் வீட்டில் தங்க லாஸ் ஏஞ்சலஸ் வந்தவரை டிஸ்னிலேண்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. "மலைமேல ஒரு பழைய மைன் ஊர் இருக்குப்பா, போலாமா" என்று கேட்டதும், "எத்தனை லெவல்?" என்று கேட்டார். பூமிக்குக் கீழே சுரங்கம் எத்தனை அடுக்கு என்று அர்த்தம். வேறு எதையும் கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கிற லோன் பைன் என்ற சின்ன ஊர் நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மொஹாவி தாண்டி, ரெட் ராக் கேன்யன் வழியாக, பிறகு 395 நெடுஞ்சாலையில் வடக்கே. இதே தடத்தில்தான் ஏறக்குறைய செரோ கோர்டோவின் வெள்ளி கோவேறு கழுதை வண்டிகளில் இறங்கி லாஸ் ஏஞ்சலஸ் போனது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "கழுதைக்குத் தண்ணி எங்க காட்டினான்?" என்றார். சரியான கேள்வி. ரெமி நடோ என்பவர் 1873-ல் சுரங்க முதலாளிகளோடு சேர்ந்து சரக்குக் கம்பெனி ஆரம்பித்தபோது பாலைவனம் முழுக்க ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றாகத் தண்ணீரும் தீவனமும் கிடைக்கிற தங்கல்கள் அமைத்தார். அதற்கப்புறம்தான் சரக்கு ஒழுங்காக நகர்ந்தது. அதற்கு முந்தைய வருடம் ஆயிரக்கணக்கான ஈய வெள்ளிக் கட்டிகள் ஏற்ற வண்டியில்லாமல் மலையடிவாரத்து ஓவன்ஸ் ஏரியின் கரையில் தேங்கிக் கிடந்தன, ஒவ்வொன்றும் 38 கிலோவுக்கு மேல். வேலைக்காரர்கள் அவற்றையே செங்கல் மாதிரி அடுக்கி மேலே கித்தானை இழுத்துக் கட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருக்கிறார்கள்.

ஒரு நாளில் போய்த் திரும்புகிற திட்டம் வேண்டாம், குறிப்பாகப் பெரியவர்களைக் கூட்டிப்போனால். கடல்மட்டத்தில் இருக்கிற வீட்டிலிருந்து காலையில் கிளம்பி மத்தியானம் 8,500 அடியில் நின்றால் தலைவலி, மூச்சு வாங்கல் இரண்டும் வரும். நாங்கள் லோன் பைனில் ஒரு ராத்திரி தங்கினோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு அப்பாவின் பிரஷர் மாத்திரை விஷயத்தையும் தெளிவுபடுத்திக்கொண்டோம். லோன் பைனை விட்டுக் கிளம்பும்போது டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுவிடுங்கள், அதற்கப்புறம் வழியில் பங்க் கிடையாது, மேலே கடை ஹோட்டல் எதையும் நம்பிப் போகாதீர்கள். மலைப்பாதையில் பெரும்பகுதி போன் சிக்னல் இல்லை, அதனால் வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஊர் தனியார் சொத்து, பகல் நேரத்தில் மட்டும்தான் அனுமதி, எனவே திறந்திருக்கிறதா, பாதை நன்றாக இருக்கிறதா என்று போகிற வாரத்தில் அவர்களிடமே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இடிமழை ஒன்று வந்தால் போதும், அந்தப் பாதையைத் துண்டு துண்டாக அரித்துவிடும்.

லோன் பைனிலிருந்து 136-ம் எண் சாலையில் பதின்மூன்று மைல் போனால் மலையடிவாரத்தில் கீலர் என்ற ஊர். அதைத் தாண்டியதும் இடது பக்கம் மண்பாதை பிரிகிறது. எட்டு மைலில் ஐயாயிரம் அடி ஏற்றம். மார்டிமர் பெல்ஷா என்பவர் 1868-ல் இங்கே வந்து, மலையின் மஞ்சள் பாறையை வெட்டி இந்தப் பாதையைப் போட்டு, மஞ்சள் சாலை என்று பெயர் வாங்கி, ஏறி இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் சுங்கம் வசூலித்தார். சுரங்கம் யாருடையதாக இருந்தாலும் பாதை அவருடையது, அதனால் ஊரும் ஏறக்குறைய அவருடையதாகவே இருந்தது.

எங்களுடையது சாதாரண ஆல் வீல் டிரைவ் வண்டி, கொஞ்சம் உயரமானது. பாதை காய்ந்திருந்தால் அது போதும் என்பது என் அனுபவம், ஆனால் தரை தட்டுகிற செடான் காரை எடுத்துப் போகாதீர்கள், வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் தார் இல்லாத சாலைக்குக் காப்பீடு செல்லாது. நல்ல ஸ்டெப்னி கட்டாயம், கூர்மையான கல். நான் செய்த தவறு வேறு. வெயில் அடிக்கிறதே, அப்பாவுக்குப் புழுங்குமே என்று ஏசியை முழுசாக ஓடவிட்டு ஏறினேன். நாலாவது மைலில் சூட்டு முள் மேலே போக ஆரம்பித்தது, அடுத்த வளைவில் சிவப்பைத் தொட்டுவிட்டது. பாதை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி, டயருக்குக் கல் வைத்து, பானட்டைத் திறந்துவிட்டு உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆறியபிறகு பார்த்தால் கூலன்ட் தொட்டியில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. கையில் இருந்தது குடிக்கிற தண்ணீர் ஆறு லிட்டர். அதில் நாலு லிட்டரை வண்டி குடித்தது.

மீதி இரண்டு லிட்டர், இரண்டு பேர், வறண்ட மலைக்காற்று. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மேல ஆள் இருக்காங்க இல்ல, போலாம்மா, மெதுவா போ" என்றார். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, முதல் கியரிலேயே மீதியை ஏறினேன். இப்போது யோசித்தால் நான் திரும்பியிருக்க வேண்டும். மேலே இருக்கிறவர்களின் தண்ணீரை நம்பி அந்த ஊருக்குப் போவது சரியில்லை, அது ஏன் என்பது மேலே போனபிறகுதான் புரிந்தது. ஆளுக்கு நாலு லிட்டர், வண்டிக்குத் தனியாக எட்டு லிட்டர், கூலன்ட் ஒரு கேன் என்பது இப்போது என் கணக்கு.

கடைசி வளைவில் திரும்பியதும் ஊர் கண்ணில் படுகிறது. சாய்வில் ஒட்டிக்கொண்டு நிற்கும் துருப்பிடித்த தகரக் கூரைகள், பலகை வீடுகள், மேலே யூனியன் சுரங்கத்தின் கட்டடம். சுற்றிலும் மரம் இல்லாத மலை. மரம் இருந்த மலைதான், பின்யன் பைன் காடு. தாதுவை உருக்குகிற உலைக்குக் கரி வேண்டுமே, வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பக்கத்து மலை தீர்ந்ததும் ஏரிக்கு அக்கரையில் காட்டன்வுட் என்ற இடத்தில் சூளை கட்டிக் கரி சுட்டு இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மண் சூளைகள் இரண்டு இன்னும் நெடுஞ்சாலைப் பக்கம் கரைந்தபடி நிற்கின்றன, நேரமிருந்தால் பாருங்கள்.

பழைய கடையை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த பொறுப்பாளர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாங்கள் கேட்காமலேயே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், லோன் பைனிலிருந்து அவர்களே ஏற்றி வந்தது. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அந்த ஊரில் தண்ணீர் ஊறுவது சுரங்கத்துக்குள் 700 அடி மட்டத்தில்தான். அதை மேலே ஏற்றும் பம்பு ரொம்ப காலம் பழுதாகிக் கிடந்தது. ஆரம்ப நாட்களில் அதுவும் இல்லை, ஊற்றுகளிலிருந்து கழுதை முதுகில் தண்ணீர் வந்தது, 1874-ல் வடக்கே இருந்த ஊற்றிலிருந்து மலை முகட்டின்மேல் பல மைலுக்குக் குழாய் போட்டபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. 2018-ல் 14 லட்சம் டாலருக்கு இந்த ஊரையே ப்ரென்ட் அண்டர்வுட் என்பவர் கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். இரண்டு வருடத்தில், 2020 ஜூன் 15-ம் தேதி விடியற்காலையில், 1871-ல் கட்டிய அமெரிக்கன் ஹோட்டல் தீப்பிடித்து எரிந்தது. 149 வருடம் நின்ற கட்டடம். அணைக்க ஊரில் ஓடுகிற தண்ணீர் இல்லை. அண்டர்வுட் அதே இடத்தில் ஹோட்டலை மறுபடி கட்ட ஆரம்பித்தார். நாங்கள் ஏறி வந்த அதே பாதையில்தான் சிமென்ட், மணல், மரம் எல்லாம் வந்தாக வேண்டியிருந்தது, கான்கிரீட் கலக்கத் தண்ணீர் உட்பட.

இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நம்ம ஊர்ல தண்ணிய வெளிய இறைக்கறதுதான் ஓயாத வேலை. பம்பு நின்னா கீழ் லெவல் முங்கிடும். இவனுங்களுக்கு மேல ஏத்தறது வேலையா." கம்பெனி மூடியபிறகு பம்புகளை நிறுத்தியதில் எங்கள் ஊர்ச் சுரங்கங்கள் முங்கிப்போனதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, அவர் முட்டுக் கொடுத்த மரமெல்லாம் இப்போது தண்ணீருக்குள்.

ஹாய்ஸ்ட், அதாவது சுரங்கத்துக்குள் ஆளையும் தாதுவையும் இறக்கி ஏற்றுகிற இயந்திரம், இருக்கிற கட்டடத்தை எங்களுக்குக் காட்டினார்கள். யூனியன் சுரங்கத்தின் ஷாஃப்ட், கீழே இறங்குகிற செங்குத்துக் குழி, 900 அடி ஆழம். அப்பா முதலில் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற மரத்தூணின் பொருத்தைப் பார்த்தார். ஒரு மரத்தை இன்னொன்றில் உட்கார வைக்க வெட்டியிருந்த காடிக்குள் கட்டைவிரலை விட்டு அளந்தார், உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்து நரம்பு ஓடுகிற திசையைத் தடவினார், பிறகு விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டி காதைக் கிட்டே கொண்டுபோனார். "காஞ்ச மரம். ஈரம் படலை. அதான் நிக்குது" என்றார். எங்கள் ஊரில் ஈரத்தில் மரம் சில வருடத்தில் மக்கிவிடும், இங்கே தண்ணீர் இல்லாத அதே மலை நூறு வருட மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நானாகப் போயிருந்தால் அந்தத் தூணைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஆனால் அதே அப்பாதான், சாய்வில் திறந்து கிடந்த ஒரு சின்னச் சுரங்க வாயைக் கண்டு நான் எட்டிப்பார்க்கப் போனபோது என் தோளைப் பிடித்து இழுத்தார். மலை முழுக்க இப்படி வாய்கள், உள்ளே மொத்தம் முப்பது மைலுக்கு மேல் சுரங்கப்பாதை. தயவுசெய்து எதற்குள்ளும் காலெடுத்து வைக்காதீர்கள், பத்தடிகூட. வெளியே காய்ந்து உறுதியாக நிற்கிற மரத்தைப் பார்த்து உள்ளேயும் அப்படித்தான் என்று நினைக்க முடியாது. தரை மாதிரித் தெரிவது அழுகிய பலகைமேல் படிந்த மண்ணாக இருக்கலாம், அதற்குக் கீழே அடுத்த லெவல். கெட்ட காற்று தேங்கியிருக்கும், அதற்கு வாசனை கிடையாது, மயக்கம் வந்தபிறகுதான் தெரியும், காப்பாற்றப் போகிறவரும் அங்கேயே விழுவார். பழைய வெடிமருந்து கிடந்தால் அது வருடம் ஆக ஆக இன்னும் ஆபத்து. இருபத்தெட்டு வருடம் கீழே இறங்கி ஏறிய மனிதர் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார் என்பதைப் பார்த்தாவது நம்புங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பூட்டிக்கிடக்கும் பழைய அறைகளில், மூலைகளில், எலிப் புழுக்கை கிடக்கும். கிழக்கு சியரா பகுதியில் மான் எலி மூலம் ஹான்டா வைரஸ் பரவியதுண்டு, காய்ந்த புழுக்கையின் தூசியைச் சுவாசித்தாலே போதும். பெருக்காதீர்கள், கிளறாதீர்கள், குழந்தைகளைத் தரையில் உட்காரவிடாதீர்கள். அடுத்தது ஈயம். இங்கே வெட்டியது கலீனா, ஈயமும் வெள்ளியும் கலந்த தாது. உலையில் உருக்கிய கட்டியில் ஈயம்தான் அதிகம், அதைக் கப்பலேற்றி சான் பிரான்சிஸ்கோ அனுப்பி அங்கே வெள்ளியைப் பிரித்தார்கள். கழிவெல்லாம் இங்கேயே கிடக்கிறது. பழைய உலைப் பக்கம் கறுப்பாக, உடைந்த பாட்டில் மாதிரி பளபளக்கிற கசடுக்கல் ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், விளிம்பில் பச்சையும் ஊதாவுமாக மின்னியது, அழகாகத்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டு ஈரத் துடைப்புத் தாள் நாலு காலியாகும்வரை கையைத் துடைத்தேன், சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொடுவதற்கு முன். அந்த ஊரில் கை கழுவக் குழாய் தேடக்கூடாது, சோப்பும் தண்ணீரும் நாமே கொண்டுபோக வேண்டும். குழந்தைகள் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் செருப்பையும் துணியையும் தனியாகப் போடுங்கள். எந்தக் கல்லையும் ஆணியையும் எடுத்து வராதீர்கள், சட்டத்துக்காக மட்டுமில்லை, அங்கே இருக்கிற ஒவ்வொரு துருப்பிடித்த டப்பாவும் அந்த ஊரின் மிச்சம்.

வெள்ளிக் காலம் நீண்ட நாள் ஓடவில்லை. 1877-ல் ஷாஃப்டில் தீ, ஈயம் வெள்ளி இரண்டின் விலையும் இறக்கம், 1879-ல் உலைகள் நின்றுவிட்டன. ரயில் 1883-ல் கீலருக்கு வந்து சேர்ந்தபோது ஏற்ற வெள்ளியில்லை. பிறகு 1911 வாக்கில் லூயிஸ் கார்டன் என்பவர் துத்தநாகம் எடுக்க ஆரம்பித்தார், வெள்ளிக்காரர்கள் வேண்டாத கல் என்று ஒதுக்கிக் கொட்டிய தாது அது. மலையிலிருந்து கீலர் வரை கம்பிவடம் கட்டி வாளிகளில் இறக்கினார்கள். அந்தக் கம்பிவடத்தின் மரக்கோபுரங்கள் சில பாதையில் ஏறும்போதே தெரியும்.

இறங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏறுவதைவிட இறங்குவதுதான் வண்டிக்குச் சோதனை. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி வழியில் கருகல் வாசனை வரும், அதற்கப்புறம் பிரேக் பிடிக்காது. முதல் கியரில் போட்டு எஞ்சினே பிடித்து இழுக்கும்படி விட்டு, தேவைப்பட்டால் மட்டும் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட அகலமான இடத்திலேயே நின்றுவிடுவது நல்லது. ஐந்து மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், அதற்குள் தரைக்கு வந்துவிடுங்கள். நாங்கள் மூன்றரைக்குக் கிளம்பிவிட்டோம்.

இறக்கத்தில் முழு நேரமும் கண்ணுக்கெதிரே ஓவன்ஸ் ஏரி. அதற்குப் பின்னால் சியரா நெவாடாவின் சுவர், விட்னி சிகரம். ஏரி என்று சொல்கிறேன், அங்கே இருப்பது வெள்ளையும் செம்மண்ணுமாகக் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு தரை. 1872-ல் பெஸ்ஸி பிரேடி என்ற 85 அடி நீராவிப் படகு இதில் ஓடி, மலையிலிருந்து இறங்கிய கட்டிகளை அக்கரை சேர்த்தது, கரையைச் சுற்றிப் போகிற மூன்று நாள் வண்டிப் பயணத்தை மிச்சப்படுத்தி. லாஸ் ஏஞ்சலஸ் சின்ன ஊராக இருந்த காலத்தில் அதன் வியாபாரத்தைத் தூக்கிவிட்டது இந்த வெள்ளிச் சரக்கு. 1913-ல் அதே லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது, 1920-களில் ஏரி காய்ந்துவிட்டது. காய்ந்த உப்புத் தரையிலிருந்து காற்றில் எழும்பிய தூசி ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மோசமானது. அதை அடக்க 2001 முதல் அந்த நகரம் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஏரித்தரையில் ஆழமில்லாமல் தண்ணீரைப் பரப்பியும் சரளை கொட்டியும் வைத்திருக்கிறது. காற்று பலமாக இருக்கிற நாளில் அங்கே போகாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் கண்டிப்பாக.

கீலரில் பழைய ரயில் நிலையத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பலகைகள் வெளுத்து, யாருமில்லாமல் நின்றது. அப்பா இறங்கி ஏரிப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருவதுதான் என்று அவரிடம் சொன்னேன். மேலே கொடுத்த பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. அவர் அதைக் குடிக்காமல் மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். லோன் பைன் வந்ததும் கடையில் நான் இருபத்து நாலு பாட்டில் பெட்டி இரண்டு வாங்கினேன், இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் ஏறப்போவதாகச் சொன்ன ஒரு தம்பதி அதே விடுதியில் இருந்தார்கள், மேலே கொடுத்துவிடச் சொல்லி அவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டேன். அப்பா தன் பங்குக்கு ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார்.